நாலு மணி இசைத்தட்டு

நாலு அடிக்க இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கிறது, குழாயைத் திறந்துவிட்டாள், முகம் கழுவுகிறாள். இந்த நேரத்தில் எதற்கு முகம் கழுவ வேண்டும், யார் வரப்போகிறார்கள் என்று கேட்கலாம், கேட்டால் புழுக்கமா இருக்குதுங்க என்பாள், மத்தியானத்திலிருந்து தூறிக்கொண்டே இருக்கிறது, கோயமுத்தூரில் ஐப்பசி மாதத்தில் எங்கே இருக்கிறது புழுக்கம். கேட்கவில்லை. கட்டிலில் மல்லாந்து கிடக்கிறேன். ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஆறாவது சாயங்காலம். வலது அடிவயிற்றில் தையல் போட்ட இடம் இருமினால் இழுக்கிறது, தும்மினால் இழுக்கிறது, கோபப்பட்டால்கூட இழுக்கிறது என்பதை இந்த ஆறு சாயங்காலத்தில் கண்டுபிடித்திருக்கிறேன். இப்போது பவுடர் டப்பாவின் மூடி. இப்போது கொண்டையை அவிழ்த்து மறுபடி போட்டுக்கொள்வாள், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு. மரகதத்தைக் கல்யாணம் செய்து இருபத்தொரு வருஷம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாளும் நாலு மணிக்கு நான் வீட்டில் இருந்ததில்லை, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அடித்துப்போட்டதுபோலத் தூங்குவேன். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் செருப்பைக் கழற்றுவது. வீடு என்றால் எனக்குக் காலை ஏழுக்கு முன்னால் இருக்கிற வீடு, ஆறரைக்குப் பின்னால் இருக்கிற வீடு. நடுவில் அது என்ன செய்கிறது, யாருடைய வீடாக இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. இதோ வருகிறாள். பிளாஸ்க்கை ஸ்டூலில் வைக்கிறாள், பக்கத்தில் டம்ளர், மாத்திரை, தண்ணீர்ச் சொம்பு, காலையில் நான் படித்து முடித்த பேப்பரையே மறுபடி மடித்துத் தலையணை ஓரத்தில். கண்ணாடியை எடுத்துத் துடைத்து அதையும் வைக்கிறாள். நான் எதற்கும் கூப்பிட வேண்டியிருக்கக் கூடாது. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுக் கடைக்குப் போகிறவள் இப்படித்தான் சுற்றிலும் தலையணை அடுக்குவாள். மேலே போய்த் துணி எடுத்துட்டு வந்துடறனுங்க என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல், கதவை ஒருக்களித்துச் சாத்துகிறாள், படியில் மெட்டிச் சத்தம், ஏறுகிறது. துணி. மத்தியானத்திலிருந்து தூறுகிறது. மொட்டை மாடியில் எந்தத் துணி காய்கிறது? காலையில் அவள் துவைத்ததெல்லாம் இதோ இந்த அறையில், என் தலைக்கு மேலே, கொடியில் தொங்குகிறது. என் பனியன். என் வேட்டி. ஒரு சொட்டு இப்போதுகூட என் காலில் விழுந்தது.

மணி நாலு. கரகரவென்று முதலில் ஒரு சத்தம், எண்ணெய் காய்கிறபோது கேட்குமே அதுபோல, பிறகு வயலின்கள். ஒரு வயலின் இல்லை, முப்பது இருக்கும், நாற்பது இருக்கும், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மேலே போய் அங்கிருந்து வழிந்து இறங்குகின்றன. நடுவில் யாரோ ஊதுகிறார்கள், ஊதுகிற வாயைத் துணியால் பொத்தியதுபோல. பின்னால் ஒரு டிரம்ஸ், அடிக்கவில்லை, தடவுகிறான். இங்கிலீஷ் பாட்டு, ஆனால் பாட்டு இல்லை, பாடுகிறவன் யாரும் இல்லை. பெரிய ஓட்டலில் சாப்பிடப் போனால் கூரையிலிருந்து கேட்குமே, ஏரோப்ளேன் கிளம்புவதற்கு முன்னால் போடுவார்களாமே, அந்த வகை. அறுபதுகளில் வெள்ளைக்காரன் காப்பி குடித்துக்கொண்டே கேட்பதற்காகப் போட்டுவைத்தது. இதை மேல் வீட்டுக் குரியன் வைத்திருக்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் குடிவந்தபோது சாமான்களையெல்லாம் ஆட்கள் தூக்க, இரண்டு பெட்டிகளை மட்டும் அவரே மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார், என்ன சார் என்று கேட்டேன், ரெக்கார்ட்ஸ் என்றார். வால்பாறைப் பக்கம் ஏதோ டீ எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெண்டாட்டி செத்துவிட்டாள். அறுபது வயதுக்குச் சாயங்காலத்தில் அரைக்கால் டிரவுசர், முழங்கால் வரை சாக்ஸ், நேரான முதுகு. கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார், மரகதம் வாங்கிக்கொண்டாள், ஏதோ சொன்னார், மரகதம் சிரித்தாள். என்ன சொன்னார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை, கட்டிலில் கிடக்கும்போது, அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு சிரிப்பு வந்து மார்மேல் உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

இதோ இறங்கி வந்துவிட்டாள். ஏழு நிமிஷம். நேற்று ஆறு, முந்தாநாள் ஏழு. கையில் துணி இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன், தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பின்பக்கம் போகிறாள். பின்பக்கம் ஒரு பால்கனி, பால்கனி என்று பேர், இரண்டு ஆள் நிற்கிற இடம், அதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், எதிரே அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, பாசி பிடித்த ஒரு சுவர், அதைத் தவிரப் பார்க்க ஒன்றும் கிடையாது. அங்கே உட்காருவாள். பீரோக் கண்ணாடியில் அவளுடைய பாதி முதுகும் ஒரு காதும் இடது காலும் எனக்குத் தெரியும். முழுதாகத் தெரிந்திருந்தால் இவ்வளவு இருக்காது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை நானே போட்டுக்கொள்கிறேன், அதுதான் ஆளைக் கொல்கிறது. இடது காலின் கட்டைவிரல் ஆடுகிறது. டிரம்ஸ் தடவுகிறவனோடு சேர்ந்து, ஒரு இடம்கூடத் தப்பாமல். அடுத்து எது வரும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருக்கிறது, வயலின் ஏறுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே நிற்கிறது, ஏறியவுடன் மறுபடி ஆடுகிறது. அப்படித் தெரிந்துகொள்ள எத்தனை நாள் கேட்டிருக்க வேண்டும். முந்தாநாள் நடுவில் கூப்பிட்டுப் பார்த்தேன், மரகதம் என்று. என் தொண்டை ஆயிரம் நூற்புக் கதிர் ஓடுகிற ஹாலில் இருபத்தைந்து வருஷம் கத்திப் பழகிய தொண்டை, தெருமுனைக்குக் கேட்கும். விரல் நின்றது. அவள் திரும்பவில்லை. நான் எண்ணினேன், எட்டு, ஒன்பது, பத்து, அதற்கப்புறம்தான் ஏனுங்க என்று குரல் வந்தது, ரொம்ப தூரத்திலிருந்து வருகிற குரல், ஆழியாறு தாண்டி மலைமேலிருந்து வருகிற குரல்.

மலை. அதுதான் விஷயம். அவளும் வால்பாறைக்காரி. அவள் அப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பொண்ணு பார்க்கப் பொள்ளாச்சியில் அவள் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனோம், மலைக்கு நான் போனதில்லை, பெண் மலையில் வளர்ந்தவள், சளி பிடிக்காது என்று அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். வந்த புதிதில் அட்டைக் கதை சொல்லுவாள், காலில் அட்டை ஏறினால் புகையிலைத் தண்ணீர் தொட்டுவைப்பது, பனியில் மூன்றடிக்கு அப்பால் ஆள் தெரியாதது, யானை வந்து கூலிக்காரர்களின் லைன் வீட்டு வாழையைத் தின்றது. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பாட்டைப் பற்றி ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. குரியனுக்கு இப்போது அறுபது என்றால், அறுபத்தாறில் முப்பது. மரகதம் ஐம்பத்திரண்டில் பிறந்தவள், அறுபத்தாறில் பதினாலு. எழுபதில் பதினெட்டு. எழுபதில் அவருக்கு முப்பத்துநாலு, தொப்பி, மோட்டார் சைக்கிள், பனியில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம், கம்பவுண்டர் வீட்டு வாசலில் வேகம் குறைகிறது. எழுபதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? சிங்காநல்லூரில் பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கை நாலு நாளாகப் போடுகிறேன், எத்தனை தரம் போட்டாலும் மோட்டார் சைக்கிள் அதே வாசலில் வந்து நிற்கிறது. கேட்டும்விட்டேன், சும்மா கேட்பதுபோல, மாத்திரை விழுங்கிக்கொண்டே, மேல்வீட்டுக்காரரை உனக்கு அங்கேயே தெரியுமா என்று. அங்க எத்தனையோ எஸ்டேட் இருக்குதுங்க என்றாள். தெரியாது என்று சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே.

இப்போது வேறு பாட்டு. இதில் பெண்கள் பாடுகிறார்கள், பாடுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது, ஆ என்கிறார்கள், லல்லா என்கிறார்கள், ஒரு வார்த்தை வரப்போகிறதுபோல இருக்கும், வராது. என் காது அந்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருக்கக் கூடாது என்று எவ்வளவு பல்லைக் கடித்துக் கேட்டாலும், அந்த வயலின்கள் இறங்குகிறபோது என் வயிற்றுத் தையல்கூடக் கொஞ்சம் தளர்கிறது. பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் இயந்திரத்தின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பஞ்சு ஒரு திரைபோல இறங்கும், கை வைத்தால் கிழிந்துவிடும், ஆனால் கிழியாமல் இறங்கிக்கொண்டே இருக்கும், அவ்வளவு சத்தத்துக்கு நடுவே அது மட்டும் சத்தமில்லாமல். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் சாப்பாட்டு நேரத்தில் அதன் முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன், மாஸ்டர் திட்டினார். அதுபோல இருக்கிறது இது. யாருக்கும் எந்த அவசரமும் இல்லை. துக்கம் வருகிறது, வந்தவுடன் யாரோ அதன் தோளில் சால்வை போர்த்திவிடுகிறார்கள். சந்தோஷம் வருகிறது, அதுவும் குதிக்காமல் வருகிறது. ஏமாற்று வேலை. இப்படி ஒரு உலகம் எங்கேயும் கிடையாது. ஆனால் இவள் தினம் ஒரு மணி நேரம் அங்கே போய்விட்டு வருகிறாள், போய்விட்டு வந்து எனக்கு ராத்திரிக்கு இட்லி ஊற்றுகிறாள். ஒருதரம் ஊட்டியிலிருந்து வருகிற வழியில் ஓட்டலில் இது ஓடியபோது, இதெல்லாம் பாட்டா, பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற சத்தம், வார்த்தையைக் காணமே என்று நான் சொல்லி நானே சிரித்தேன், இப்போது ஹாஸ்டலில் இருக்கிற மகள் சுகந்தியும் சிரித்தாள். மரகதம் சிரிக்கவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். அப்புறம் மேட்டுப்பாளையம் வரும்வரை நான் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தேன், பஞ்சு விலையோ, யூனியனோ. நான்தான் பேசுவேன். வீட்டில் நான் பேசுவேன், அவள் உம் கொட்டுவாள். அது ஒரு பழக்கம்.

நின்றுவிட்டது. ஒரு பக்கம் முடிந்துவிட்டது. கரகர, கரகர என்று மேலே ஊசி வெறும் தட்டில் சுற்றுகிறது. கண்ணாடியில் கால் மறைகிறது, எழுந்துவிட்டாள், இப்போது நான் இருக்கிற அறையைத் தாண்டிப் போகிறாள், கண்ணை இன்னும் இறுக்கிக்கொள்கிறேன், கதவு, மெட்டி, படி. இது இரண்டாவது தரம். தினமும் இந்த இரண்டாவது தரம் உண்டு. இதற்குச் சாக்குகூடச் சொல்வதில்லை, நான்தான் தூங்குகிறேனே. மேலே கரகர நிற்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த இடைவெளிதான் எனக்கு விஷம். ஊசியைத் தூக்கித் தட்டைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும், அரை நிமிஷம். நேற்று மூன்று நிமிஷம் ஆயிற்று. இரண்டரை நிமிஷத்தில் என்ன பேசிவிட முடியும் என்று மனசு கேட்கிறது, அதே மனசு பதிலும் சொல்கிறது, எல்லாம் பேசிவிடலாம். அவர் நாற்காலியில் சாய்ந்திருப்பார். இவள் கதவோரம் நிற்பாள், முகம் கழுவி, பவுடர் போட்டு, கொண்டை போட்டு. எந்த சைடு போடட்டும் என்பார். அவரிடம் இவள் ஏனுங்க என்று சொல்வாளா, சார் என்று சொல்வாளா? எனக்கு வாய் கசக்கிறது. எழுந்து உட்காருகிறேன். உட்கார்ந்தாயிற்று. அடிவயிற்றை இடது கையால் தாங்கிக்கொண்டால் நிற்கலாம். படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்னார், மலம் கழிக்கும்போதுகூட முக்கக் கூடாது என்றார், பொறாமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு படி. நாலு. கைப்பிடிச் சுவர் ஈரமாக இருக்கிறது. ஏழு. ஒரு தையல் பிரிந்துவிட்டால் நன்றாக இருக்கும், அவர்கள் முன்னால் போய் இரத்தத்தோடு நின்றால், என்ன சினிமா யோசனை இது, ஐம்பது வயதில். பதினொன்று, திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன். என்ன கேட்கப்போகிறேன்? முதல் வார்த்தை என்ன? பேச்சுக்குக் குறைவில்லாத எனக்கு முதல் வார்த்தை கிடைக்கவில்லை. பதினெட்டு. குரியன் வீட்டுக் கதவு பாதி திறந்திருக்கிறது. நாதாங்கியில் பூட்டு தொங்குகிறது, சாவி பூட்டிலேயே இருக்கிறது. அந்தச் சாவி வளையத்தில் எங்கள் வீட்டு பீரோ சாவியும் இருக்கிறது.

உள்ளே இருட்டு. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. சோபாவின் மேல், சாப்பாட்டு மேஜையின் மேல், டிவியின் மேல், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் போர்வை. சாய்வு நாற்காலியின் மேலும். பூட்டின வீட்டு வாசனை. மூலையில் ஒரு மேஜையில் மட்டும் போர்வை விலக்கியிருக்கிறது, அதில் பிளேயர், அதன் முன்னால் மரகதம் தரையில் குந்தி உட்கார்ந்து, மடியில் ஒரு இசைத்தட்டை வைத்து மஞ்சள் துணியால் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், குழந்தைக்குத் தலை துவட்டுகிறதுபோல. பக்கத்தில் அட்டை கிடந்தது, ஒரு வெள்ளைக்காரி கடற்கரையில் குடை பிடித்துக்கொண்டு எதையோ பார்க்கிறாள், மூலையில் 1965 என்று சின்னதாகப் போட்டிருக்கிறது. வேறு யாரும் இல்லை. நான் சாய்வு நாற்காலிப் போர்வையைப் பார்த்தேன், அதற்குள் யாராவது இருப்பார்களோ என்றுகூட ஒரு நொடி பார்த்தேன். மரகதம் என்னைப் பார்த்துவிட்டுத் திடுக்கிடவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம், தட்டை மெல்ல மேஜையில் வைத்துவிட்டுத்தான் எழுந்து ஓடி வந்தாள். ஏனுங்க, படியேறினா தையல் என்னத்துக்கு ஆகறது என்று என் கையை எடுத்துவிட்டு அவள் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தாள். குரியன் எங்கே என்றேன். அவர் மகன் வீட்டுக்கு தோஹா போயிட்டாருங்களே, தை மாசம்தான் வருவார் என்றாள். எப்போது போனார்? புரட்டாசியிலயே. சொன்னனுங்களே, ஆயுத பூஜைக்கு முன்னாடி, சாவி நம்மகிட்டக் குடுத்திருக்கறார், செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லியிருக்கறார்னு சொன்னனுங்களே. சொல்லியிருப்பாள். அந்த வாரம் மில்லில் புது மெஷின் இறக்கினோம், நான் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருப்பேன், அவள் சொன்னது என் பேச்சுக்கு நடுவில் எங்கேயோ விழுந்திருக்கும்.

அப்படியானால் ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிள் இல்லை, தொப்பி இல்லை, இரண்டரை நிமிஷம் இல்லை. ஆறு நாள் மார்மேல் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட வேண்டும். போகவில்லை. சாவியைக் குறித்துக் கேட்டேன், உன்னிடம் ஏன் கொடுத்தார் என்று, பக்கத்தில் எத்தனையோ வீடு இருக்கிறதே என்று. அவள் பூட்டிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் தினமும் நாலு மணிக்குப் போடுவாராம், மூன்று வருஷமாக இவள் கீழே பால்கனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். ஒரு நாள் மட்டும் மேலே பார்த்து, அந்த ரெண்டாவது பாட்டை இன்னொரு தடவை போடறீங்களா என்று கேட்டாளாம். அவர் போட்டாராம். அந்தக் கேக் கொடுத்த நாளை விட்டால் அவ்வளவுதான் மூன்று வருஷத்தில் பேச்சு. ஊருக்குப் போகும்போது, பிளேயரை ஓட்டாமல் விட்டால் அதன் பெல்ட் இறுகிவிடும், நாலு மணிக்கு நீங்களே போட்டுக் கேளுங்கள் என்று சாவி கொடுத்தாராம். அவ்வளவுதான் என்கிறாள். அவ்வளவுதானா. இருபத்தொரு வருஷத்தில் இதை இன்னொரு தடவை என்று என்னிடம் இவள் எதையாவது கேட்டிருக்கிறாளா என்று நான் தேடிப் பார்க்கிறேன், அந்த இருட்டறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தேடிப் பார்க்கிறேன், ஒரு புடவை, ஒரு சினிமா, ஒரு வார்த்தை. கிடைக்கவில்லை. துணி எடுக்கப் போகிறேன் என்று எதற்குப் பொய் சொன்னாய் என்று கேட்டேன். சொன்னா நீங்க பேசுவீங்கன்னுதான் என்றாள். திட்டுவீர்கள் என்கிற அர்த்தத்தில் சொன்னாளா, வெறுமே பேசுவீர்கள் என்றுதான் சொன்னாளா, தெரியவில்லை, இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் விழுந்தது.

அப்புறம் ஏன் கீழே வந்து கேட்கிறாய், இங்கேயே உட்கார்ந்து கேட்கலாமே என்றேன். அவள் முகத்தில் முதல் தரமாக ஒரு வெட்கம் வந்தது. அடுத்தவர் ஊட்டுல எப்படிங்க உக்காந்து கேக்கறது என்றாள். அதனால்தான் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுக் கீழே ஓடி வந்து, தன் ஸ்டூலில், தன் சுவரைப் பார்த்து உட்காருகிறாள், முடிந்ததும் ஓடி வந்து திருப்பிப் போடுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படி என்னதான் இருக்கு மரகதம் இதுல என்று கேட்டேன், மில் தொண்டையில் கேட்கவில்லை, எனக்கே கேட்காத குரலில் கேட்டேன். மலையில் சின்ன வயதில் சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் இது ஓடுமாம், அப்பா மருந்துப் பெட்டியோடு அங்கே போய் நிற்கும்போது இவளும் போவாளாம். வாரம் முழுக்கக் கத்துகிற துரைமார்கூட அந்த ஒரு மணி நேரம் கத்தாமல் இருப்பார்களாம். ஆனா அதுக்காக இல்லீங்க என்று அவளே அதைத் தள்ளிவிட்டாள். பிறகு சொன்னாள்.

"இதுல யாரும் எதுவும் சொல்றதில்லீங்க. ஒரு வார்த்தைகூட இல்லை. நான் உம் கொட்ட வேண்டியதில்லை."

சொல்லிவிட்டு, என்னைக் குத்திவிட்டோமோ என்றுகூட அவள் பார்க்கவில்லை. அது குத்தவேண்டும் என்று சொன்னதல்ல. உப்பு எவ்வளவு போடுவாய் என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள். தட்டை எடுத்து வைத்து ஊசியை இறக்கினாள், என்ன ஒரு நிதானம் அந்தக் கையில், என் வீட்டுக் கை, இருபத்தொரு வருஷமாக எனக்குச் சோறு போடுகிற கை, அதற்கு இப்படி ஒரு வேலை தெரியும் என்று எனக்குத் தெரியாது. வயலின்கள் ஆரம்பித்தன. அவள் என் முழங்கைக்குக் கீழே கைகொடுத்துப் படி இறக்கினாள், ஒவ்வொரு படிக்கும் நின்று. குரியனாக இருந்திருந்தால் தேவலை. குரியனை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், சட்டையைப் பிடித்திருக்கலாம், வீட்டை மாற்றியிருக்கலாம், கேக்கை வாங்காதே என்றிருக்கலாம். இந்த முப்பது நாற்பது வயலின்காரர்களை நான் எங்கே போய்ப் பிடிப்பது? பாதிப் பேர் செத்திருப்பார்கள். இவளைத் தெரியாமலே, வால்பாறை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல், எங்கேயோ ஒரு கூடத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டுப் போனவர்கள். அவர்களால் கொடுக்க முடிந்தது. இதே வீட்டில், இதே கூரைக்குக் கீழே இருந்த என்னால், எனக்கு மூச்சு வாங்குகிறது, பார்த்துங்க என்கிறாள், கடைசிப் படி.

கட்டிலில் சாய்த்துவிட்டாள். மாத்திரை கொடுத்தாள். ஈரமான என் உள்ளங்காலைத் துடைத்துவிட்டாள். தையல் பிரியவில்லை. அவள் போவதற்கு நின்றுகொண்டிருந்தாள், போகலாமா என்று தெரியாமல், ஒரு காது மேலே. இதோ அந்த லல்லாப் பெண்கள் வந்துவிட்டார்கள். அவளைப் பின்பக்கம் போகச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லவும் ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது. கையை அசைத்தேன். போனாள். ஸ்டூல் நகர்ந்தது. கண்ணாடியில் பாதி முதுகு, ஒரு காது, இடது கால். விரல் ஆடவில்லை. நான் பார்க்கிறேன் என்று இப்போது தெரியும் அவளுக்கு. ஒரு பாட்டு முடிந்தது, அடுத்தது ஆரம்பித்தது, அப்போதும் ஆடவில்லை. இந்த மாதக் கடைசி வரை லீவு. வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். அப்புறமும் பதினைந்து நாள் இந்தக் கட்டிலில், இந்தக் கண்ணாடிக்கு எதிரே நான் கிடக்கப்போகிறேன், பதினைந்து நாலு மணி, அந்த விரல் அசையாமல். நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்ய எனக்கு இஷ்டமே இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் சொன்னேன்.

"மரகதம். திங்கக்கிழமை மில்லுக்குப் போயிடலாம்னு இருக்கேன்."

டாக்டர் மாசக் கடைசின்னாரே என்று சொல்வாள். இப்பவே எதுக்குங்க என்பாள். உடம்பு முக்கியமா, மில் முக்கியமா என்று இந்தத் தெருவில் எந்தப் பெண்டாட்டியும் கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்பாள். வயலின்கள் ஏறின, மேலேயே கொஞ்ச நேரம் நின்றன, இறங்கின. கண்ணாடியில் அந்தக் காது என் பக்கம் திரும்பியது, பிறகு பழையபடி திரும்பிக்கொண்டது.

"கனமா எதுவும் வேண்டாமுங்க. ரசஞ்சோறும் அப்பளமும் கட்டித் தர்றேன்" என்றாள்.

சரி என்றேன். அதற்கு எத்தனையோ பதில் என் வாய்வரை வந்தது, வந்ததையெல்லாம் விழுங்கினேன், விழுங்கினாலும் தையல் இழுக்கிறது. ஐந்து மணி வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.